நிழல் தெரியாத கூடாரம்

பெரகல சந்தியில் அப்புத்தளை பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் பாடசாலை மைதானத்து மண்சரிவு முகாமில் இருக்கும் சரசு அக்கா பேசினார். "டீச்சர், தங்கவேலு அண்ணன் போயிட்டாருங்க. பதுள ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் சொன்னாங்க. புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க வாங்க."

வந்து நின்ற பஸ்ஸில் ஏறவில்லை. வீதியைக் கடந்து ஹல்துமுல்லைப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். சனிக்கிழமை. அவர் மகள் தர்ஷினி கூடாரத்துக்கு முன்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். கையிலிருந்த சாம்பலைக்கூடக் கழுவாமல், "அப்பாவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கவேலு அண்ணனைத் தெரிந்தவர்கள் பலருக்கு அவரைப் பிடித்திருந்தது என்று சொன்னால் அது பொய். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். வாய்க்காரர் என்று பெயர் எடுத்தவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அதிபரின் முகம் மாறிவிடும். ஒரு முறை சுவருக்கு வர்ணம் பூசுவதைப் பற்றி அதிபர் விளக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றார். "பெயின்ட் அப்புறம் அடிக்கலாங்க சேர். பொட்டப் புள்ளைங்க கக்கூசுக்குக் கொண்டி இல்ல. என் மக அடக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடி வர்றா." கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்து தானே கதவுக்குக் கொண்டி அடித்துவிட்டுப் போனார். "பேசாம இருந்தா யாருக்கும் தெரியாதுங்க," என்பார். அவருடைய சண்டைகள் எல்லாம் அந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தவைதான்.

மண் சரிந்த அன்று அவர் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு ஹல்துமுல்லைக்குச் சப்பாத்து வாங்கப் போயிருந்தார். மனைவி மகேஸ்வரி, காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். திரும்பி வந்தபோது அவர்களுடைய லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தில் ஈர மண்ணும் வேரோடு சாய்ந்த மரங்களும்தான் கிடந்தன. மகளைக் கோயிலடியில் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கித் தோண்டினார். இராணுவத்தினர் வந்து விலகச் சொன்ன பிறகும் விலகவில்லை. மகேஸ்வரி கிடைத்தபோது, சேலையை வைத்துத்தான் அடையாளம் கண்டாராம். அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுத்ததில்லை.

தப்பியவர்களை முதலில் எங்கள் வகுப்பறைகளில் தங்க வைத்தோம். பாடசாலையைத் திறக்கவேண்டிய நேரம் வந்ததும், மைதானத்தில் கூடாரம் அடிப்பதற்கு லொறி வந்தது. புதிய மெல்லிய கூடாரங்கள் நீல நிறத்தில், மடிப்புக் கலையாமல் இருந்தன. அவற்றோடு எங்கோ களஞ்சியத்தில் கிடந்த சில பழைய கித்தான் கூடாரங்களும் வந்திருந்தன. பாரமான, பூஞ்சண வாடை வீசுகிற கூடாரங்கள். அவற்றை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கவேலு அண்ணனின் முறை வந்ததும், கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர் ஒரு நீலக் கூடாரத்தை நீட்டினார். "அப்பாவும் மகளும்தானே அண்ணன்? இது ரெண்டு பேருக்குக் காணும்."

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. பாடசாலை மண்டபத்துக்குள் விரித்துக் காட்டச் சொன்னார். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. விரித்து நிறுத்தியதும் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். என் கையில் ஒரு டோர்ச்சைக் கொடுத்து, "டீச்சர், உள்ள போய் இதப் போட்டு வச்சிட்டு, கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க," என்றார். எனக்கு விளங்கவில்லை. போய் நின்றேன். பிறகு அவர் உள்ளே போய், என்னை வெளியே நின்று பார்க்கச் சொன்னார்.

துணியில் அவர் உருவம் முழுதாகத் தெரிந்தது. கையைத் தூக்கியபோது விரல்களைக்கூட எண்ணலாம் போலிருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றுவது போலச் செய்து காட்டினார். முணுமுணுத்துக்கொண்டிருந்த வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வெளியே வந்து ஒரு கித்தான் கூடாரத்தை இழுத்து விரிக்க வைத்தார். அதற்குள் டோர்ச் எரிந்தபோது மங்கலான ஒரு மஞ்சள் மட்டும்தான் தெரிந்தது. உள்ளே யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று ஒன்றும் தெரியவில்லை. "இது போதும்," என்றார்.

"அது பழசு அண்ணன். மழைக்கு ஒழுகும்."

"ஒழுகினா ஒழுகட்டும் தம்பி. எம் புள்ள வளந்துகிட்டு வர்றா. சுத்தி அத்தன சனம்."

பின்னால் நின்ற சரசு அக்காவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். "எனக்கும் அந்த மாதிரியே குடுங்க," என்றார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் கேட்டார்கள். நல்லதாக இருந்த கித்தான்கள் உடனே தீர்ந்துபோயின. கிடைக்காதவர்கள் நீலக் கூடாரத்துக்குள் சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

தொண்டர் சொன்னதும் உண்மைதான். கூடாரம் ஒழுகியது. நனைந்த கித்தானில் உள்பக்கம் கை பட்டால், பட்ட இடத்திலிருந்தே தண்ணீர் இறங்கும். கிழிசல்களை அவர் சாக்கு ஊசியால் தைத்து மெழுகு தேய்த்தார். மழை விட்ட நாட்களில் கூரையில் வேறு ஓட்டை இருக்கிறதா என்று தேடுவார். அந்தக் கூடாரத்தில்தான் தர்ஷினி பெரிய பிள்ளையானாள். அன்று தங்கவேலு அண்ணன் என் ஆசிரியர் விடுதி வாசலுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "மகேஸ்வரி இருந்தா நான் வந்து நிக்க மாட்டேன் டீச்சர். கொஞ்சம் வாங்க." முகாம் பெண்கள் தண்ணீர் சுடவைத்து, கூடாரத்துக்குள்ளேயே தலைக்கு ஊற்றினார்கள். அது முடியும் வரை அவர் வீதிப் பக்கம் திரும்பி, மழையில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் கூடாரத்துக்குள் படுக்கவில்லை. வாசலை ஒட்டி ஒரு தறப்பாளைச் சரித்துக் கட்டி அதன் கீழ் படுத்தார். மார்கழிப் பனி. எங்கள் மலைப் பக்கத்துக் குளிரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே ஒரு திரை கட்டிக்கொண்டு படுக்கலாமே என்று நானும் சரசு அக்காவும் பல முறை சொல்லிப் பார்த்தோம்.

"சனம் பேசும் டீச்சர்."

"பேசினா பேசட்டும். நீங்களா பயப்படுறீங்க?"

"எனக்கென்னங்க? பேசுறது அவ காதுல விழும்."

இருமல் அங்கே தொடங்கியது. வீடு கட்டித் தருவதாகச் சொன்ன இடத்தில் அத்திவாரம் போட்டிருந்தார்கள். பிறகு மழை என்றார்கள், சீமெந்து என்றார்கள், காணி உறுதி என்றார்கள். அத்திவாரத்துக்குள் புல் வளர்ந்தது. அவர் அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போய்ச் சண்டை போட்டார். கடைசியில் சண்டை போட மூச்சு இல்லாமல் போனது. தியத்தலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து பதுளைக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் சளி கட்டி முற்றிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

பதுளை வார்ட்டில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். தர்ஷினியைத் தேநீர் வாங்கி வர அனுப்பிவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார். "டீச்சர், அவள யாரு வீட்டுக்கும் வேலைக்கு அனுப்ப விட்டுறாதீங்க. கேட்டு வருவாங்க. அவ படிக்கட்டும்." சரி என்றேன். அவருக்கு அது போதவில்லை. "சரின்னு சொன்னாப் பத்தாதுங்க. ஏலாதுன்னு சொல்லணும், அவங்ககிட்ட," என்றார்.

கருமாதி முடிவதற்குள்ளேயே கேட்டு வந்தார்கள். மகேஸ்வரியின் அண்ணன் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கெட்ட மனிதர் அல்ல. தனக்கும் நான்கு பிள்ளைகள் என்று கண்கலங்கினார். "நல்ல எடம் டீச்சர். கைப்புள்ளையப் பாத்துக்கிற வேலதான். சாப்பாடு, துணிமணி எல்லாம் குடுப்பாங்க. இங்க இந்தக் கூடாரத்துல யாரோட இருப்பா?" கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள். தர்ஷினி சரசு அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபையில் ஒருவர் பேச்சை வெட்டிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "ஏலாது," என்றேன். "அவ என்னோட விடுதியில இருப்பா. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வருவா." அவர் ஏதோ சொல்ல வந்தார். இன்னொரு முறையும், சற்று உரக்கவே, "ஏலாது," என்றேன்.

தங்கவேலு அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். இனியும் கேட்டு வருவார்கள்.