தீர்த்தக்குடமும் ஒரு குழாய் ரத்தமும்

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் கை நடுங்கினால் யாரும் டாக்டரைத் தேட மாட்டார்கள். எந்தக் கள்ளுக்கடையில் குடித்தார் என்றுதான் கேட்பார்கள். மலையாளச் சீமையில், சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தென்னந்தோப்புகள்தான் எங்களுக்குச் சோறு போடுபவை. பாதி மரங்களைக் காய்க்கு விடுவோம், பாதியைக் கள் இறக்க விடுவோம். காலையில் கள் அளக்கும்போது பக்கத்தில் நின்றாலே சட்டையில் வாடை ஏறிவிடும். அப்பா தினமும் நின்றார். ஆனால் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. மகள் என்பதால் பூசி மெழுகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் புளிப்பே அவருக்கு ஆகாது, குமட்டிக்கொண்டு வரும்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், நோம்பி முடியும்வரை ஊரில் ஒருவரும் குடிக்கக் கூடாது. ஆற்றிலிருந்து முதல் தீர்த்தக்குடம் எடுத்து வந்து கம்பத்துக்கு ஊற்றுவது எங்கள் குடும்பத்து மூத்த ஆணின் உரிமை. அது அப்பாவிடம் இருந்தது. அவருடைய தம்பி, என் சித்தப்பா, வருஷா வருஷம் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்து வருவார்.

ஆறு ஊருக்குள் புகுந்த பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருஷ நோம்பியில் அப்பாவின் தோளில் இருந்த குடம் தளும்பியது. வலது கை நிற்காமல் ஆடியது. கோயில் வாசலில் சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

“அண்ணா, செத்த நில்லுங்க. வாயை ஊதுங்க.”

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார். அவர் முகத்தில் கோபமோ வெட்கமோ எதுவும் ஏறவில்லை, மரம் மாதிரி இருந்தது. நோய் முகத்தையும் இறுக்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதையும் போதை என்றார்கள். அப்பா ஊதினார். சித்தப்பா மோந்து பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பினார்.

“கள்ளு நாத்தம் கொடலப் பொரட்டுது. இவுரு கையால அம்மனுக்குத் தண்ணி ஊத்தறதாக்கும்?”

கூடப் பிறந்தவரே சொன்ன பிறகு வேறு யார் மோந்து பார்ப்பார்கள்? அங்கேயே குடம் கைமாறியது. அப்பா வெறும் தோளோடு வீட்டுக்கு நடந்தார்.

அதோடும் விடவில்லை. குடியை நிறுத்த வைக்கும் சென்டர் ஒன்றுக்குச் சித்தப்பாவே ஜீப் வைத்துக் கூட்டிப்போனார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் நன்றாக இருக்கிறது, குடிப்பவர் ரத்தம் மாதிரியே தெரியவில்லை என்றார்கள். ஊரில் வந்து சித்தப்பா அதை எப்படிச் சொன்னார் தெரியுமா? “இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காப்ல இருக்குது, நல்ல வேளை.” நாசமாய்ப் போகிற வாய்.

பிறகு நான்தான் அப்பாவைக் கோயம்புத்தூரில் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அந்த அம்மா அவரை நடக்கவிட்டுப் பார்த்தார், கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். பார்க்கின்சன் என்றார்.

“இதை ரத்தத்துல கண்டுபிடிச்சு எழுதித் தர முடியுமா டாக்டர்?” என்று கேட்டேன். எங்கள் ஊர் மனிதனை நம்பாது, லேப் காகிதத்தை நம்பும்.

“மூளையில ஒரு புரதம் தப்பா மடிஞ்சு தேங்குதும்மா. அதோட சுவடு ரத்தத்துலயும் கிடைக்குதான்னு ஆராய்ச்சி நடக்குது. இப்போதைக்கு உங்க கையில கொடுக்கற மாதிரி டெஸ்ட் இல்லை.”

அந்த ஆராய்ச்சிக்கு அப்பா ஒரு குழாய் ரத்தம் கொடுத்தார். “எனக்கு உதவாட்டிப் போகுது, இன்னொருத்தனையாச்சும் குடிகாரன்னு சொல்லாம இருப்பாங்கல்ல” என்றார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அப்பா இறந்தபோது, பாடைக்குப் பின்னால் வந்தவர்களே “கையி நடுங்கி நடுங்கியே போயிட்டாரு, எல்லாம் அந்தக் கள்ளு” என்று பேசிக்கொண்டார்கள். சித்தப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் அவரே என் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். துணி ஆடிக்கொண்டிருந்தது. மனசுக்குள் எனக்கு ஒரு குளிர்ச்சி. இருக்கட்டும்.

“அம்முணி, இப்ப ரத்தத்துலயே கண்டுபுடிச்சர்றாங்களாமா. அந்த ரிப்போட்ட வாங்கி ஊருல காட்டோணும் சாமி. இல்லீன்னா என்னையும் குடிகாரன்னு சொல்லிப்போடுவாங்க.”

என்னையும் என்றார். அந்த வார்த்தை வாயில் எப்படி வந்தது என்று வியந்தேன். வெளியே காட்டிக்கொள்ளாமல் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆனால், “சோதனைகள் முன்னேறியிருக்கு, ரத்தத்தை மட்டும் வச்சு இன்னும் முடிவு சொல்றதில்லை. நான் பார்க்கணும், கேக்கணும்” என்றார். நடக்கவிட்டார். விரலைத் தட்டவிட்டார். பிறகு கேள்விகள்: தூக்கத்தில் கத்துவீர்களா, மலச்சிக்கல் உண்டா, வாசனை தெரிகிறதா?

“மூக்கு செத்துப்போயி வெகு காலமாச்சுங்க டாக்டர்” என்றார் சித்தப்பா, சாதாரணமாக. “பெரிய வெள்ளத்துக்கு முந்தியே போயிருச்சு. ஒருக்கா ஊட்ல கேஸ் லீக்காயிருக்குது, நானு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கறேன். என்ற ஊட்டுக்காரி ஓடியாந்து சிலிண்டரத் திருகி மூடுனா.”

“பலருக்கு வாசனைதான் முதல்ல போகும். நடுக்கமெல்லாம் வருஷங்கள் கழிச்சு வரும்” என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அவருக்கு அது இன்னொரு அறிகுறி, அவ்வளவுதான்.

நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வெள்ளத்துக்கு முந்தியே போன மூக்கு. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் மோந்த கள்ளு நாத்தம். ரத்தமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் காலம் வந்திருந்தால் வாசனை தெரிகிறதா என்ற கேள்வியே எழுந்திருக்காது, இந்த மனிதரும் தப்பித்திருப்பார். இவருக்கும் பார்க்கின்சன்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் நகரவில்லை. நோம்பிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இந்த வருஷம் காப்புக் கட்டி, முதல் குடம் அவர் தோளில் வந்தது. கோயில் வாசலில் தண்ணீர் தளும்பி அவர் முதுகெல்லாம் நனைந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பூசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சித்தப்பாவின் கண்கள் என்னைத் தேடின.

“அம்முணி, டாக்டரு சொன்னதச் சொல்லு சாமி.”

“அத்தனையும் சொல்லட்டுங்களா சித்தப்பா?”

“சொல்லு, சொல்லு. எல்லாருங் கேக்கட்டும்.”

முன்னால் போய் நின்றேன். “சித்தப்பா குடிக்கலைங்க. எங்கப்பாவுக்கு வந்த அதே நோவுதான் இவுருக்கும். மொதல்ல மூக்கு போகுமாமாங்க, அப்பறந்தான் கையி நடுங்குமாமா. சித்தப்பாவுக்குப் பெரிய வெள்ளத்துக்கு முந்தியே மூக்குல வாசனை தெரியாதுங்க. கேஸ் லீக்கானதுகூடத் தெரியலையாமா. டாக்டர்கிட்ட அவுரே சொன்னாருங்க.”

“ஆமாமா, அதெல்லாம் நெசந்தான்” என்று சித்தப்பா அவசரமாகத் தலையாட்டினார். பாதித் தலையாட்டலில் அவருக்கே உறைத்தது. தலை அப்படியே நின்றது.

பூசாரிக்கும் உறைத்துவிட்டது. அன்றைக்கும் இதே வாசலில் நின்றவர் அவர்.

“அப்பறம் அன்னிக்கு உங்க அண்ணன் வாயில எதைய மோந்தீங்க?”

மேளம் நின்றுபோயிருந்தது. சித்தப்பாவின் கை குடத்தைப் பிடித்தபடி வெடவெடவென்று ஆடியது. பயத்தில் நடுங்குகிறார், பொய் பிடிபட்டதில் நடுங்குகிறார் என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். நோயால் நடுங்குகிறார் என்று எனக்குத் தெரியும். ஊர் நினைப்பதை நினைக்கட்டும் என்று பேசாமல் நின்றேன்.