அக்காவுக்குப் படித்துச் சொன்ன எண்

எலக்ட்ரானிக் போர்டில் பொருத்துகிற, துவரம்பருப்பு அளவில் மஞ்சளாக ஒரு கெப்பாசிட்டர். அதன் முதுகில் தெரிந்தும் தெரியாமலும் மூன்று எண்கள். ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், ஷிப்ட் ஆரம்பித்ததும் புதுப் பாக்கெட்டைப் பிரித்து, முதல் கெப்பாசிட்டரின் எண்ணைப் பார்த்து ஓகே போடுவது செக்கிங் அக்காவின் வேலை. அவர் ஓகே போடாமல் லைன் ஓடாது. மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறையில் நான்கு பெண்கள், நால்வருக்கும் சேர்த்து ஒரு செல்போன் என்று நாங்கள் இருந்த காலம் அது. டிப்ளமோ முடித்த திமிரோடு வந்த டிரெய்னி நான்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மூன்றாம் நாளே அக்காவின் ரகசியம் தெரிந்துவிட்டது. நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டத்து எழுத்து மங்கிவிட்டிருந்தது. "கண்ணாடி போட்டு வந்து, கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா செக்கிங்க விட்டுத் தூக்கிருவாங்க. பதினோரு வருசமா உக்காந்த சீட்டுடி. நீ எழுதியிருக்கறத மட்டும் படி, கணக்கு எனக்குத் தெரியும்" என்றார். காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து, ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர். மறுக்க மனம் வரவில்லை. தினமும் காலையில் "ஒன்னு, சைபர், நாலு" என்று முணுமுணுப்பேன். மதியம் அவர் டப்பாவிலிருந்து பாதிக் களி எனக்கு வரும்.

ஐந்தாவது மாதம் ஒருநாள், வந்த கெப்பாசிட்டரில் 220 என்று இருந்தது. அன்றைய போர்டுக்கு வேண்டியதும் இருநூற்றிருபது. எண்களைத் தனித்தனியாகப் படிக்காமல், "இருநூத்தி இருபதுக்கா, சரியா இருக்கு" என்று கெட்டிக்காரியாகச் சொல்லிவிட்டேன். மூன்றாவது எண், பின்னால் எத்தனை சைபர் சேர்க்க வேண்டும் என்பதைக் காட்டுவது. அங்கே சைபர் இருந்தால் சேர்க்க எதுவுமில்லை. 220 என்றால் வெறும் இருபத்திரண்டு. இருநூற்றிருபதுக்கு 221 என்று இருக்க வேண்டும். இருந்ததை அப்படியே படித்திருந்தால் அக்கா நொடியில் பிடித்திருப்பார். மதியத்துக்குள் அத்தனை போர்டும் டெஸ்டிங்கில் ஊற்றிக்கொண்டது.

சூப்பர்வைசர் வந்து நின்றார். டிரெய்னி தப்பு செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன். அக்கா எழுந்து, "புள்ள மேல தப்பில்லைங்க சார். எனக்கு ஆறு மாசமா கிட்டத்து எழுத்தே தெரியறதில்ல. குத்துமதிப்பா நான்தான் ஓகே போட்டேன்" என்றார். மறுநாளே அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த நாற்காலி எனக்கு வந்தது.

ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். பிறகு தாங்க முடியாமல் கேன்டீனில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். என் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"கன்னத்துல இருக்கறது மச்சமாடி? இத்தன மாசமா மை ஒட்டியிருக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.