அரை ரவுண்டு முன்னால்

குருவிநத்தத்தில் என் நிலத்தை உழ ஒரு டிரைவர் வருவார். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் எண்ணெய் வழியும். அவருடைய பழைய டிராக்டரோ கிரீஸைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. ஸ்டியரிங் மூட்டுகள் தேய்ந்துபோய், அரை ரவுண்டு சுற்றிய பிறகுதான் சக்கரம் அசையும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே அவர் சுற்ற ஆரம்பித்துவிடுவார். டிராக்டர் நிதானமாக யோசித்து, சரியான இடத்தில் திரும்பும்.

ஒருநாள் மட்கார்டில் உட்கார்ந்து போன எனக்கு உயிரே போய்விட்டது.

“இன்னாண்ணே, ஸ்டியரிங் இந்த ஆட்டம் ஆடுது?”

“அது ஆடுனா இன்னா தம்பி? நான் ஸ்டெடியா கீறேன்ல.”

நான் விடவில்லை. சரிசெய்யாமல் என் நிலத்தில் இறங்கவே கூடாது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாகூருக்குப் போனார். மெக்கானிக் தேய்ந்ததையெல்லாம் மாற்றி, கிரீஸ் அடித்து அனுப்பினார்.

மறுநாள் காலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீடு தெரு வளைவில் இருக்கிறது. வளைவுக்குச் சற்று முன்பே, பழக்க தோஷத்தில் அவர் அரை ரவுண்டு சுற்றினார். டிராக்டர் உடனே கீழ்ப்படிந்தது. என் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து வைக்கோல் போரில் முட்டி நின்றது.

அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மேலே விழுந்த வைக்கோலைத் தட்டிக்கொண்டே இறங்கி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இத்தினி வருஷத்துல இந்த வளைவுல ஒரு செடிய தொட்டிருப்பனா தம்பி? சொன்னா கேட்டியா நீ?”

தப்பு யாருடையது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்று மன்னிப்புக் கேட்டது நான்தான்.