கேட்டில் இருந்த போன்

பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படம் அது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு காமிராவை முறைத்துக்கொண்டிருந்தான். பாரூர் ஏரிக் கால்வாயில் எட்டு வயதுப் பையன் மூழ்கி இறந்த செய்தியோடு எங்கள் பகுதி நிருபர் அதையும் அனுப்பியிருந்தார். சாவு வீட்டுக்குள் போனதும் 'போட்டோ இருக்கா' என்று கேட்பது எங்கள் தொழில் வழக்கம். அழுதுகொண்டிருக்கும் யாராவது புத்தகப் பையைத் துழாவி எடுத்துக் கொடுப்பார்கள். கொடுத்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

ஓசூர் அலுவலகத்தில் நான் உதவி ஆசிரியர். செய்தியின் கடைசியில் ஒரு வரி இருந்தது: அப்போது தாய் செல்போன் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கூறப்படுகிறது. யார் கூறினார்கள்? டீக்கடையில் யாரோ. நான் விசாரிக்கவில்லை. அதைவிடக் கேவலம், அந்த வரியைத் தூக்கித் தலைப்பில் வைத்தேன். தலைமை நிருபர், "இப்பதான்யா செய்தி நிக்குது" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து அந்த அம்மா நேரில் வந்தார். கம்பெனிச் சீருடை, தெலுங்கு கலந்த தமிழ். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், அவர் போடவில்லை. பையனை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு அன்று வேலைக்குப் போயிருக்கிறார்.

"எங்க கம்பெனில போனை கேட்லயே வாங்கி வெச்சுக்குவாங்க சார். அவன் போனதே ஷிப்ட் முடிஞ்சு போன் கைக்கு வந்தப்பதான் எனக்குத் தெரியும்."

அவர் கேட்டது ஒன்றுதான். சின்ன மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவள் படிக்கக் கற்றுக்கொள்வதற்குள் அந்தச் செய்தியை இணையத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பேப்பரில் ரெண்டு வரி வருத்தம் போட்டோம், வரி விளம்பரங்களுக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் இடத்தில். இணையத்தில் இருந்ததைத் தலைமை நிருபர் எடுக்க விடவில்லை. அதைப் படிக்க இன்னும் ஆள் வருகிறதாம். முதலில் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு மாதக்கணக்கில் மன்றாடி ஒருவழியாக எடுக்கவைத்தபோது, கண்ட கண்ட தளங்களெல்லாம் படத்தோடு நகலெடுத்து வைத்திருந்தன. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். பதில் போட்ட ஒரே ஆள், 'நீங்கதானே சார் முதல்ல போட்டீங்க' என்று கேட்டிருந்தான்.

இப்போது நான் குழந்தை இறந்த செய்தியில் பெயர், படம், பள்ளி எதையும் போட விடுவதில்லை. 'கூறப்படுகிறது' என்று வந்தால் யார் என்று கேட்டு உயிரை வாங்குகிறேன். நிருபர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இந்த ஞானம் அன்றைக்கு வந்து தொலைத்திருக்கலாம்.

போன மாதம் அந்த அம்மா கூப்பிட்டார். மகள் மூன்றாவது படிக்கிறாளாம். அன்றைக்கு நீ போன் பார்த்துக்கொண்டிருந்தாயா என்று கேட்டாளாம். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னேன் சார். 'பேப்பர்லயே போட்டிருக்கேம்மா'ங்கறா."