மோதும் கேலக்ஸிகளில் காணாமல் போன வெடிப்புகள்

எம்.எஸ்ஸி. கடைசி வருஷப் புராஜெக்டை நானும் என் வகுப்புத் தோழியும் சேர்ந்து செய்தோம். இரண்டு கேலக்ஸிகள் நெருங்கினால் அவற்றின் வாயு கலங்கி நெருக்குண்டு, புது நட்சத்திரங்கள் ஏராளமாகப் பிறக்கும். அவற்றில் மிகப் பெரியவை சீக்கிரமே வெடித்துச் சாகும். அதுதான் சூப்பர்நோவா. ஆகவே மோதும் கேலக்ஸிகளில் வெடிப்புகள் அதிகம் தெரிய வேண்டும்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மோதும் கேலக்ஸிகளிலும் மற்றவற்றிலும் பதிவான பழைய வெடிப்புகளை ஒப்பிட்டோம். மோதுபவற்றில் எண்ணிக்கை கொஞ்சம்தான் கூடியிருந்தது. நட்சத்திரங்கள் குவிந்து பிறக்கும் நடுப்பகுதியில் வெடிப்பே இல்லை என்கிற மாதிரி இருந்தது.

"நடுப்பகுதிய விட்டுட்டு எழுதிடலாம்டி. எனக்கு பாரீஸ் டிக்கெட் வந்துடுச்சு, முடிஞ்சாப் போதும்" என்றாள். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்; அவள் குடும்பத்துக்குப் பிரான்ஸ் குடியுரிமை உண்டு.

"அதெப்படி விட முடியும்?" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருவடிக்குப்பம் வீட்டில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவேன். சைக்கிளில் பீச் வரை போய், கடலைக்கூடப் பார்க்காமல் திரும்புவேன். "போட்ட சோறு காயுது, எங்கடி ஓடுற?" என்று அம்மா கத்துவாள்.

ஒருநாள் காலை சென்டரில், நாங்கள் எண்ணிய கேலக்ஸிகளில் ஒன்றின் அகச்சிவப்புப் படத்தை இறக்கினேன். மேலிருந்து வரி வரியாக வந்தது. சாதாரணப் படத்தில் கறுத்துக் கிடந்த நடுப்பகுதி இதில் தகதகவென்று இருந்தது. நட்சத்திரங்கள் அங்கேதான் இருந்தன. தூசி அவற்றை மூடியிருந்தது; அகச்சிவப்பு ஒளி அதை ஊடுருவி வந்திருந்தது.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த அவள் அப்பா, "போன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே போனேன்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்போ வெடிச்சதும் தூசிக்குள்ளதான் வெடிச்சிருக்கு. நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

"அதையே எழுதுவோம்."

வைவாவில் தேர்வாளர், "எத்தனை மறைஞ்சிருக்கு?" என்றார். என் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"தெரியல சார்" என்று அவள்தான் முதலில் சொன்னாள். "பாத்தது மட்டும்தான் எண்ணினோம்."

அவர் தலையசைத்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பாஸானோம். அவள் பாரீஸ் போனாள். நான் அந்தக் கேள்வியையே பி.எச்டி.க்கு எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.