கசந்த தயிரும் காட்டு வீதியும்

கப்பல்துறைக்கு அப்பால், பாதுகாக்கப்பட்ட காட்டை ஊடறுக்கும் வீதியின் ஓரமெங்கும் இப்போது பார்த்தீனியக் களைதான். வீதியை அகலிக்கக் கொட்டிய மண்ணோடு அது வந்தது. அங்கே எருமை மேய்க்கும் கிண்ணியாக்காரரிடம் வழக்கமாகத் தயிர் வாங்குவேன். அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவேன்.

“காக்கா, போன சட்டி கசந்தது.”

“ஓம், எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்க. எருமைகள் புல் இல்லாம இந்தக் களையைத் தின்னுதுகள். ஒரு வீட்டுப் புதுமாப்பிள்ளை, ‘வேப்பெண்ணெயா?’ எண்டு கேட்டானாம்.” சிரித்தவர் உடனே நிறுத்தினார். “இப்பிடியே போனா ஒருத்தரும் வாங்கமாட்டாங்க. காட்டுக்குள்ள இன்னும் புல் கிடக்கு. எருமைகள அங்க ஓட்டிச் சாய்க்கப் போறன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், வேறெங்கே மேய்ப்பார்? எருமைகள் காட்டுக்குள் இறங்கின. அவற்றின் குளம்புச் சேற்றில் ஒட்டிக்கொண்டு களை விதைகளும் போயின.