தம்பி புல் வெட்டிய இடம்

நான் வேலை பார்த்த சுற்றுலா அலுவலகம் கண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. வான் ஏற்பாடு செய்வது, ஹோட்டல்களில் அறை கேட்பது, எந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று விசாரிப்பது, இவைதான் என் வேலை. ஒரு நாள் வயதான வெளிநாட்டுத் தம்பதி வந்து ஒரு வண்ணப் பிரசுரத்தை என் மேசையில் வைத்தார்கள். தென்கரையில் கடலோரக் கோல்ஃப் மைதானம் ஒன்றை முழுவதும் மாற்றியமைத்துத் திறந்திருந்தார்கள். மரமில்லாத மணல் மேடுகளும் குறுக்கே அடிக்கும் கடற்காற்றும்தான் இந்த மாதிரி மைதானத்தில் விளையாடுவதன் ருசி என்று அந்தப் பெரியவர் எனக்கு விளக்கினார். அங்கே போய்வர ஒரு திட்டம் போட்டுத் தரச் சொன்னார்.

மைதானத்தின் பெயரை மாற்றியிருந்தார்கள். ஊர்ப் பெயர் அப்படியே இருந்தது. என் தம்பி புல் வெட்டிக்கொண்டிருந்த இடம் அது.

அவர்களுக்கு வேண்டியதை எல்லாம் சிரித்த முகத்தோடு செய்து கொடுத்தேன். அவர்கள் படியிறங்கிய பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

நாங்கள் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அப்பா இறந்த பிறகு தம்பி கம்பளையில் ஒரு இரும்புக் கடையில் நின்றான். பிறகு கூட்டாளி ஒருவன் மூலம் தென்கரைக்குப் போனான். புல் வெட்டும் வேலை என்று அவன் தோட்டத்துக் கடைக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அம்மா, "அங்க மாடு எத்தன நிக்குது?" என்று கேட்டார். மாடே கிடையாது, பந்து உருளுவதற்காகத்தான் புல் வெட்டுகிறோம் என்று அவன் சொன்னதை அம்மா கடைசி வரை நம்பவில்லை. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு, ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

பிறகு ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறையன்று, சுனாமி வந்தது. பெரியப்பா மகன் கிழமைக் கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து திரும்பி வந்தார். தம்பி கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் என்ன காரியம் என்று அம்மா எதற்கும் சம்மதிக்கவில்லை. சில வருஷத்தில் அம்மாவைக் கண்டிக்கு என்னோடு கூட்டி வந்துவிட்டேன். அம்மா அவனைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்செடுத்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவார்.

அந்தப் பிரசுரத்தை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேடும் பள்ளமுமாகப் பச்சை.

"இது எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லம்மா. தம்பி வேல செஞ்ச எடம். புதுசா கட்டியிருக்காங்க."

அம்மா எழுந்து போகவில்லை. படத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். பிறகு, "என்னய ஒருக்கா கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

எத்தனையோ பேருக்குப் பயணத் திட்டம் போட்டவள் நான். இது எனக்கு லேசில் கைகூடவில்லை. மைதானத்துக்குப் போன் செய்தேன். விளையாட வருகிறீர்களா, சாப்பிட வருகிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். அப்படியானால் புல்வெளிக்குள் விட முடியாது என்றாள். பழைய ஊழியர்களின் விவரங்கள் தண்ணீரோடு போய்விட்டன, இப்போது முதலாளியும் வேறு ஆள் என்றாள். குரலில் இரக்கம் இருந்தது. விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லி என் இலக்கத்தை வாங்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். தம்பியோடு வேலை செய்தவராம், இப்போதும் அங்கேதான் இருக்கிறாராம். சிங்களத்தில் என்னை "நங்கி", தங்கச்சி, என்று கூப்பிட்டார். திங்கட்கிழமை புல்லுக்கு மருந்தடிக்கிற நாள், விளையாட யாரும் வரமாட்டார்கள், மேலதிகாரியிடம் தானே பேசி உள்ளே கூட்டிப் போகிறேன் என்றார். போனை வைக்கும்முன் கொஞ்சம் தயங்கினார். "அம்மாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். அவர் இல்லாமல் நீங்கள் மட்டும் வராதீர்கள்" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் இதே பேச்சு. எங்கள் அலுவலகத்து வான் சாரதி தன் லீவு நாளில் வர ஒப்புக்கொண்டார். அம்மா கடலை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவும் விருப்பமில்லை. அதனால் கரையோரப் பாதையை விட்டு, தூரம் கூடினாலும் உள்பக்கமாகவே போகும்படி பாதையைப் போட்டேன்.

"அங்க போயும் கடலு தெரியுமா?"

"தெரியும்மா. அத ஒண்ணும் செய்ய முடியாது."

"சரி, நா புல்லப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

என்ன சேலை கட்டுவது என்று அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். வெள்ளை வேண்டாம் என்று தானே சொல்லிக்கொண்டு ஊதாவை எடுத்தார். ரொட்டியும் தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

விடியும்போதே புறப்பட்டு, வெயில் ஏறிய நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவர் வாசலில் காத்திருந்தார். தலை நரைத்த, ஒல்லியான மனிதர். மணல் மேடுகளுக்கு நடுவே எங்களை நடத்திப் போய், கடல் பக்கம் ஒரு வெற்று மணல் திட்டைக் காட்டினார். தம்பியும் கூட வேலை செய்தவர்களும் தங்கியிருந்த அறைகள் அங்கேதான் இருந்தனவாம். புதிதாகக் கட்டும்போது மைதானத்தையே கடலை விட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள். அம்மா கடலுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஒரு ரொட்டியைப் பிய்த்து முன்னால் வைத்தார்.

அந்த மனிதர் அம்மாவுக்கு எதிரே முழங்காலில் இருந்துகொண்டு சிங்களத்தில் பேசத் தொடங்கினார். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறையாகத்தான் தெரியும். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"சுனாமி வந்த அந்தப் போயாவுக்குத் தம்பிக்குத்தான் லீவு கெடச்சிருந்துச்சாம்மா. இவரு புள்ளைக்கு மொத சோறு ஊட்டுற நாளுன்னு தம்பி லீவ இவருக்குக் குடுத்துட்டானாம். 'நா அடுத்த கெழம போறேன், நீங்க போங்க அண்ணே'ன்னு சொன்னானாம்."

அவர் தலையைக் குனிந்தபடியே இருந்தார். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர் போல இருந்தார். அம்மா ரொட்டித் துண்டின் மேல் விழுந்த மணலைத் தட்டிவிட்டார்.

"அந்தப் புள்ள இப்ப என்னா செய்யிது?"

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள் என்றார் அவர்.

"நல்லா இருக்கட்டும்னு சொல்லு."

சொன்னேன். அவர் எழுந்து தூரமாகப் போய், அங்கே நின்ற புல் வெட்டும் இயந்திரத்தின் மறுபக்கம் நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கியது தெரிந்தது.

திரும்பும் வழியில் அம்மா கண்ணை மூடியபடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்டியை நெருங்கும் கடுகண்ணாவை ஏற்றத்தில் வான் திணறும்போது வாய் திறந்தார்.

"நா அவன ஏசிட்டேன், புள்ள. தீவாளிக்கும் வரல, போயாவுக்கு வர்றேன்னு சொல்றான், வந்தா வா, வராட்டி இனி வரவே வேணாம்னு போன்ல சொல்லிட்டேன். போயாவுக்கு மொத நாளு வரக் காணோம். அந்தக் கோவத்துலதான் வராம இருந்துட்டான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"என்னான்னு சொல்றது?"

பிறகு அழுதார். அத்தனை வருஷத்தில் அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சாரதி ஒரு தேத்தண்ணிக் கடையோரம் வானை நிறுத்திவிட்டு, எங்களைத் தனியே விட்டு இறங்கிப் போனார். அவர் வாங்கிவந்த தேத்தண்ணியை இருவரும் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் கம்பளையில் மகாவலி ஆற்றங்கரையில் தம்பிக்குக் காரியம் செய்தோம். வருகிறேன் என்று சொன்ன அந்த மைதானத்து மனிதர் வரவில்லை. "அவருக்கு மனசு தாங்காது, விடு" என்றார் அம்மா. ஐயர் நட்சத்திரம் கேட்டபோது அம்மா தடங்கலில்லாமல் சொன்னார். அடுத்து ஐயர் பெயரைக் கேட்டார். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐயர் இன்னொரு முறை கேட்டார். நான் சொன்னேன்.